கிணற்றடி மாமரமும் கொடிக்கம்பியும்

ஒரு மரத்தில் நான்கு அடி உயரத்தில் ஆணி அடித்துவிட்டுப் பத்து வருடங்கள் கழித்துப் பார்த்தால், அந்த ஆணி எத்தனை அடியில் இருக்கும்? உயிரியல் பாடத்தில் ஆசிரியை இப்படிக் கேட்டபோது வகுப்பில் பாதிப்பேர் "இன்னும் மேலே போயிருக்கும்" என்றோம். நானும் கை தூக்கியவள்தான். சரியான விடை, அதே நான்கு அடி.

தண்டு றப்பர் நாடாவைப் போல முழுவதும் இழுபட்டு நீள்வதில்லை. நுனியரும்பினுள் உச்சிப் பிரியிழையம் என்றொரு கலக்கூட்டம் இருக்கிறது. அதன் கலங்கள் ஓயாமல் பிரிகின்றன. பிரிந்தவை சற்றுக் கீழே நீண்டு நுனியை மேலே தள்ளுகின்றன. நீண்டு முடிந்த பகுதி அதன்பின் உயர்வதில்லை, பருக்க மட்டுமே செய்யும். (புல்லிலும் மூங்கிலிலும் கணுவடியிலும் வளர்ச்சி உண்டு, அது வேறு கதை.)

பருக்கச் செய்வது மாறிழையம். பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் இந்த மெல்லிய படை, உட்புறமாகக் காழையும் வெளிப்புறமாக உரியத்தையும் உண்டாக்குகிறது. காழ் வேரிலிருந்து நீரை ஏற்றும். உரியம் இலை தயாரித்த உணவை இறக்கும். அதாவது உணவு இறங்கும் பாதை பட்டையோடு ஒட்டியே இருக்கிறது. இதைக் கொப்பியில் எழுதும்போதுதான் எங்கள் கிணற்றடி மாமரம் ஞாபகத்துக்கு வந்தது.

நான் முதலாம் வகுப்பில் படித்த காலத்தில், உடுப்புக் காயப்போட அந்த மரத்துக்கும் பக்கத்துத் தென்னைக்கும் இடையே வாப்பா கம்பி கட்டினார். அன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். மாமரத்தைச் சுற்றிய கம்பியில் ஒரு விரலளவுதான் வெளியே தெரிந்தது. மீதியைப் பட்டை விழுங்கியிருந்தது. கம்பிக்கு மேலே மரம் வீங்கியும் கீழே ஒடுங்கியும் நின்றது. இறங்க வழியில்லாத உணவு மேலே தேங்கிவிட்டது. கீழே வேர் பட்டினி. இந்த வருடம் நிறையக் காய்த்ததென்று உம்மா சந்தோஷப்பட்டாரே, உணவு மேலே தேங்கினால் அப்படியும் காய்க்கலாம்!

தென்னையிலோ கம்பி கட்டியபடியே கிடந்தது. தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதில் இந்த மாறிழையம் இல்லை, கலன்கட்டுகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் அதற்கு ஒரே ஒரு குருத்துத்தான். மாமரத்தில் நுனி ஒடிந்தால் பக்க அரும்புகள் கிளைவிடும். தென்னையின் குருத்தை வண்டு தின்று அழித்தால் மரமே முடிந்துவிடும்.

வாப்பாவிடம் சொன்னேன். "இத்தின வருஷம் நிண்ட மரம் மகள், ஒரு கம்பிக்குச் செத்திருமா?" என்று சிரித்தார். கொப்பியிலிருந்த படத்தைக் காட்டி விளக்கினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் சொல்லாமல் குறட்டை எடுத்து வந்தார்.

வெளியே தெரிந்த இடத்தில் வெட்டி, இழுபட்டு வந்த அளவை எடுத்தோம். புதைந்ததைத் தோண்டவில்லை. அங்கே மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒட்டத் தொடங்கியிருந்தன. உணவு மறுபடி இறங்க இருக்கும் வழியே அதுதான்.

இப்போது கொடி இரண்டு கொங்கிறீற்றுத் தூண்களில் நிற்கிறது. நான் பள்ளிவிட்டு வந்ததும் மாமரத்தடிக்குத்தான் போகிறேன். வீக்கம் அப்படியே இருக்கிறது. நுனிகளில் செந்தளிர் வரும் காலம் இன்னும் வரவில்லை.