பத்து, ஒன்பது, எட்டு

நோயும் அச்சமும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. மும்பைத் தொடர்வண்டி நிலையங்களில் வாழ்ந்த சிறுவர்கள், தம்மிடையே பணியாற்றிய டாடா சமூக அறிவியல் நிறுவன ஆசிரியர் ஜெரூ பில்லிமோரியாவை இரவிலும் தொலைபேசியில் அழைத்தனர். அவ்வழைப்புகளிலிருந்து உருவானதே 1996இல் தொடங்கப்பெற்ற ‘சைல்டுலைன்’. தொலைத்தொடர்புத் துறை 1098 என்னும் கட்டணமில்லா எண்ணை வழங்கியது. பத்து, ஒன்பது, எட்டு என இறங்குவரிசையில் அமைந்தமையால், எழுத்தறியாச் சிறுவரும் அதனை எளிதில் நினைவிற்கொண்டனர்.

1999இல் நடுவண் அரசின் ஆதரவுடன் இதற்கென அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. நிதியும் சட்ட அதிகாரமும் அரசிடம் இருந்தன. வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவனின் அருகில் அமர்ந்து அவனைப் பேசவைக்கும் பழக்கம் தொண்டு நிறுவனப் பணியாளரிடமே இருந்தது. ஒன்றின்றி மற்றொன்று பயன்தந்திராது. 2023இல் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ் இச்சேவை அரசின் நேரடிப் பொறுப்பில் வந்து, 112 அவசர உதவி எண்ணுடன் இணைக்கப்பட்டது. தொண்டர்கள் பல ஆண்டுகளில் பெற்ற அப்பழக்கம் புதிய அமைப்பிலும் நிலைபெறுதல் வேண்டும். அரசாணையால் மட்டும் அது வந்துவிடாது.

பதினெட்டு வயது நிறையாத எவரும், பகலிலும் இரவிலும், இவ்வெண்ணை அழைக்கலாம். பதினொன்றாம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் இவ்வரம்பிற்குள் அடங்குவர். மணநாள் குறிக்கப்பட்ட பதினாறு வயதுப் பெண் தானே அழைக்கலாம். அவளுக்காக அவள் வகுப்புத் தோழியும் அழைக்கலாம்.