இசைத்தட்டும் எண்முறைப் பதிவும்

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. சிற்பியின் படைப்பு கல்லில் நிற்கும். ஓவியனின் படைப்பு சுவரில் நிற்கும். புலவனின் சொல் ஏட்டில் நிற்கும். பாடகனின் குரலோ காற்றிற் பிறந்து காற்றிலேயே கரைந்து போகும். பல நூற்றாண்டுகள் இந்நிலையே நீடித்தது. பெரும்பாடகர் எத்துணையோ பேர் வாழ்ந்து மறைந்தனர். அவர்தம் புகழ் எஞ்சியதேயன்றிக் குரல் எஞ்சவில்லை.

1877-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் இக்குறையைப் போக்கும் பொறி ஒன்றை அமைத்தார். வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையின்மீது ஊசி ஒன்று, பேசுவோரின் குரலுக்கேற்ப அதிர்ந்து வரி பதித்தது. அவ்வரியில் ஊசியை மீண்டும் செலுத்தியபோது பேசிய சொல் திரும்ப ஒலித்தது. பத்தாண்டுகள் கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் என்பார் உருளைக்கு மாறாகத் தட்டையான வட்டில் வரி பொறிக்கும் முறையைக் கண்டார். உருளையினும் தட்டினைப் படியெடுத்தல் எளிது. ஓர் அச்சினின்று பல தட்டுகளை அழுத்தி எடுக்கலாம். அதனால் இசைத்தட்டு உலகெங்கும் பரவிற்று. 1902-இல் கல்கத்தாவில் கௌகர் ஜான் என்னும் பாடகியாரின் குரல் பதிவு செய்யப்பெற்றது. பாட்டின் முடிவில் அவர் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் கூறும் வழக்கமுடையவர். அவ்வொலியை இன்றும் கேட்கலாம்.

அக்காலத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. மரக்கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரந்து வைக்கும் அவ்வரக்கு, இந்தியாவிலிருந்து பெருமளவில் அயல்நாடுகளுக்குச் சென்றது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அத்தட்டு, ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிட இசையையே தாங்கியது. நெடுநேரம் விரித்துப் பாடும் இராகத்தை அச்சிறு பொழுதினுள் அடக்க வேண்டிய கட்டாயம் பாடகருக்கு ஏற்பட்டது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நெடுந்தட்டினை வெளியிட்டது. அது நிமிடத்திற்கு 33⅓ முறை சுழன்றது. பக்கத்திற்கு 20 நிமிடத்திற்கு மேலும் இசை வழங்கியது. பின்னர், 1982-இல், பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் வகுத்த குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. ஒலியை எண்களாக மாற்றிப் பதியும் எண்முறை அத்துடன் வீடுதோறும் புகுந்தது.

இவ்விரு முறைகளுள் சிறந்தது யாது? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர், முதலில் ஒவ்வொன்றும் இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

வினைல் தட்டின் மேற்பரப்பில் ஒரே ஒரு பள்ளம், வெளிவிளிம்பில் தொடங்கிச் சுருள் சுருளாக உள்நோக்கிச் செல்கிறது. அப்பள்ளத்தின் நெளிவே இசையின் வடிவம். ஊசி அந்நெளிவின் வழியே செல்லும்போது அதிர்கிறது, அவ்வதிர்வு மின்னோட்டமாகிறது, மின்னோட்டம் ஒலிபெருக்கியில் மீண்டும் ஒலியாகிறது. பள்ளத்தின் இரு சுவர்களிலும் தனித்தனி வரி பொறித்து, வலச்செவிக்கும் இடச்செவிக்கும் வெவ்வேறு ஒலி வழங்கும் முறை 1950-களின் இறுதியில் வழக்கிற்கு வந்தது.

இம்முறை எளியது, எனினும் சில தடைகளை உடையது. தாழ்ந்த சுரங்களை உள்ளவாறே பொறித்தால் பள்ளம் மிக அகன்று, தட்டில் இடம் போதாமற் போகும். ஆதலின் பொறிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை மிகுத்தும் பொறிப்பர். இசைக்கும் கருவி அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பும். மேலும், தட்டின் வெளிவரி ஊசியின் கீழ் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிறது; உள்வரியோ 20 சென்டிமீட்டர் அளவே ஓடுகிறது. குறுகிய இடத்தில் எழுத்தை நெருக்கி எழுதினால் தெளிவு குன்றுவது போல, பக்கத்தின் இறுதியிலுள்ள பாட்டில் நுண்ணொலிகள் சற்றே மங்கும். தூசு படிந்தால் இரைச்சல் எழும். ஊசி செல்லுந்தோறும் பள்ளம் சிறிது சிறிதாகத் தேயும்.

எண்முறை வேறு வகையினது. காய்ச்சலுற்றவரின் உடல் வெப்பத்தைச் செவிலியர் குறித்த நேரந்தோறும் அளந்து, அளவுகளை எண்களாகக் குறித்து வைப்பர். அவ்வெண்களைக் கொண்டு வெப்பம் ஏறி இறங்கிய வரியைப் பின்னர் வரைந்துவிடலாம். குறுந்தகடும் அவ்வாறே ஒலியின் அளவை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது.

இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள ஒலி இழக்கப்படுகிறதன்றோ என்று ஐயுறுவார் பலர். வினைல் தட்டினைப் போற்றுவோர் பெரிதும் கூறும் காரணமும் இதுவே. ஆயின் இவ்வையம் பொருந்தாது. ஓர் அலையில் அடங்கிய மிகவுயர்ந்த அதிர்வைப் போல் இரு மடங்கிற்கு மேற்பட்ட முறை அளந்தால், அளவுகளுக்கு இடையேயுள்ள அலைவடிவமும் ஐயமின்றித் தீர்மானிக்கப்படும் என்பது கணிதத்தால் நிறுவப்பெற்ற உண்மை. அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கியுள்ளார். மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே கேட்க வல்லது. அதன் இரு மடங்கு 40,000. குறுந்தகட்டின் 44,100 அதனினும் மிகுதி. எனவே செவி கேட்கத்தக்க எதுவும் அவ்விடைவெளியில் ஒளிந்து மறைவதில்லை.

நிற்க. எண்முறை என்னும் ஒரு பெயரால் வழங்குவன எல்லாம் ஒரு தன்மையன அல்ல. குறுந்தகட்டின் இசை நொடிக்கு 14 இலட்சத்திற்கு மேற்பட்ட எண்குறிகளை வேண்டுவது. இணையம் வேகம் குறைந்திருந்த 1990-களில் அதனை அனுப்புதல் அரிதாயிற்று. ஆகவே ஜெர்மானிய அறிஞர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் எம்பி3 என்னும் சுருக்கமுறையை வகுத்தனர். திருவிழாவில் பறை முழங்கும்போது அருகே கூவும் குயிலின் குரல் செவியில் விழுவதில்லை. அவ்வாறு பேரொலியால் மறைக்கப்படும் சிற்றொலிகளைக் கணித்து நீக்குவதே அம்முறை. நொடிக்கு 1,28,000 எண்குறிகள் கொண்ட எம்பி3 கோப்பு, குறுந்தகட்டின் அளவில் பதினொன்றில் ஒரு பங்கே ஆகும். ஆயினும் நீக்கியது நீக்கியதே. அதனை மீட்க இயலாது. மிகுதியாகச் சுருக்கினால் கைத்தாளத்தின் ஒலி சிதறுவதைக் கூர்ந்து கேட்போர் உணர்வர். 2001-இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ வேறு. அது துணியை மடித்து வைப்பது போன்றது. விரித்தால் ஓர் இழையும் குறையாமல் முழுத்துணியும் கிடைக்கும்.

இத்துணைச் சிறப்பு எண்முறைக்கு உண்டாயின், வினைல் தட்டு வழக்கொழிந்து போயிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 2022-இல் அமெரிக்க நாட்டில் 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்றன. குறுந்தகடுகள் 3 கோடியே 30 இலட்சமே விற்றன. 1987-க்குப் பின் எண்ணிக்கையில் வினைல் குறுந்தகட்டை விஞ்சியது அவ்வாண்டிலேதான்.

இதற்குக் காரணங்கள் உண்டு. குறுந்தகடுகளிற் பலவற்றில், பாட்டு உரத்துக் கேட்க வேண்டும் என்னும் போட்டியால், மெல்லொலியையும் வல்லொலியையும் ஏறத்தாழ ஒரே அளவினதாக்கிவிட்டனர். அதே பாட்டின் வினைல் பதிப்பு ஒரோவழி அளவறிந்து ஆக்கப்பட்டிருக்கும். அது செவிக்கு இனிமையாகவும் இருக்கும். இங்கே குறை எண்முறையினது அன்று, அதனைக் கையாண்டோரது. மேலும், தட்டினை உறையினின்று எடுத்து, தூசு துடைத்து, ஊசியை மெல்ல வைத்து, ஒரு பக்கம் முடியுமளவும் அமர்ந்து கேட்பவர் இசைக்கு முழு மனத்தையும் தருகின்றனர். விரல் நுனியில் இலட்சம் பாட்டுகள் உள்ளவரோ ஒரு பாட்டினையும் முழுமையாகக் கேளாமல் அடுத்ததற்குத் தாவுகின்றனர். ஒன்றிக் கேட்பார்க்கு இன்பம் மிகுவது இயல்பே.

வேறொரு காரணமும் உண்டு. அது நம்பிக்கையின் ஆற்றல். அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்னும் நிறுவனம் விலை மிக்க வினைல் தட்டுகளை வெளியிட்டு வந்தது. அவை மூல ஒலிநாடாவினின்று எண்முறை சிறிதும் கலவாமல் ஆக்கப்பட்டவை என்று வாங்கியோர் பலர் நம்பினர். அவற்றின் தூய்மையைப் புகழ்ந்தனர். 2022-இல் உண்மை வெளிவந்தது. 2011 முதற்கொண்டே அவற்றுள் பல, எண்முறைப் படி ஒன்றன் வழியாக ஆக்கப்பட்டிருந்தன! எண்முறையை வெறுத்தோர், அறியாமலே எண்முறையைப் புகழ்ந்திருந்தனர். எண்முறையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. குறுந்தகட்டினும் நுண்ணிய பதிவுகள் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் ஒலியைக் குறுந்தகட்டின் தரத்திற்குக் குறைத்து, இரண்டையும் அடையாளம் கூறாமல் மாற்றி மாற்றிக் கேட்பித்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியாயிற்று. 554 முறை நடந்த அச்சோதனையில் 276 முறையே விடை சரியாக அமைந்தது. காசைச் சுண்டிப் பார்த்து விடை கூறியிருப்பினும் அவ்வளவு சரியாக இருந்திருக்கும்.

ஆகவே, விலையும் புகழும் நோக்காது, தம் செவியைச் சோதித்துத் தெளிதலே அறிவுடைமை. அதற்கு வழி எளிது. ஒரே பாட்டின் இரு பதிவுகளைக் கொள்க. இரண்டையும் ஒரே உரப்பினில் அமைத்திடுக. சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்ததென மயங்கும். இசைப்பது எது என்பதைத் தோழர் ஒருவர் மறைத்து வைத்து மாற்றுக. பத்து முறை கேட்டு விடையைக் குறித்திடுக. ஐந்து அல்லது ஆறு சரியாயின், அது வெறும் ஊகமே. பத்தும் சரியாயின், வேறுபாடு உண்மையானது. இச்சோதனைக்குப் பொருட்செலவு வேண்டா, நேர்மையே வேண்டும்.

இனி, இசையைப் பாதுகாத்தல் பற்றியும் எண்ணுதல் வேண்டும். எண்முறைப் பதிவை எத்துணை முறை படியெடுப்பினும் மூலத்திற்கும் படிக்கும் வேறுபாடு இல்லை. இஃது ஒலிநாடாவிற்கும் தட்டிற்கும் இல்லாத பெருமை. ஆயினும் காப்பாற்றுவார் இல்லையேல் எண்களும் அழியும். மைஸ்பேஸ் என்னும் இணையதளத்தில் 2015 வரை மக்கள் ஏற்றி வைத்த பாடல்கள், சேமிப்பை இடம் மாற்றியபோது அழிந்தன என்று 2019-இல் அந்நிறுவனம் அறிவித்தது. வேறு படி வைத்திராதோர் தம் படைப்பையே இழந்தனர். பள்ளம் பொறித்த தட்டிற்கு இங்கே ஒரு சிறப்பு உண்டு. குறுந்தகடு தோன்றுமுன்னரே, 1977-இல், வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் பொன்முலாம் பூசிய செப்புத்தட்டு ஒவ்வொன்றைச் சுமந்து சென்றன. உலக மக்களின் இசையைத் தாங்கிய அத்தட்டில் கேசர்பாய் கேர்க்கர் என்னும் இந்துஸ்தானி இசையரசியின் குரலும் உள்ளது. ஊசியும் உடன் வைக்கப்பெற்றது. தட்டினை இசைக்கும் முறை உறையின்மேல் கோட்டுப் படங்களால் விளக்கப்பட்டது. மொழியறியாதார்க்கும் பள்ளத்தின் வடிவமே தன்னை உணர்த்த வல்லது. எண்களோ அவற்றைப் படிக்கும் திறவுகோல் இன்றேல் ஊமையாகிவிடும்.

இவற்றால் விளங்குவது யாது? பதிவைப் பிழையின்றி விரும்புவோர்க்கு ஃபிளாக்கும் குறுந்தகடும் ஏற்றவை. பயணத்தில் கேட்போர்க்கு அளவாகச் சுருக்கிய எம்பி3 போதும். ஒரு பொழுதை இசைக்கென ஒதுக்கி அமர்வோர்க்கு வினைல் தட்டு இனிய துணையாகும். பாட்டன் காலத்துப் பழந்தட்டு வீட்டில் இருப்பின், அதனை எறியாமல் காத்தலும், எண்முறையில் படியெடுத்து வைத்தலும் கடமையாகும்; அத்தட்டில் உள்ள குரல் வேறெங்கும் இல்லாதிருக்கலாம்.

விலையுயர்ந்த கருவி உடையவரே நல்லிசை அறிவர் என்பது பேதைமை. சிறு கைப்பேசியில் செவிப்பொறி மாட்டி, மனம் ஒன்றிக் கேட்கும் எளிய மாணவன், பெருங்கருவியை ஒலிக்கவிட்டு வேறெதையோ எண்ணிக் கொண்டிருக்கும் செல்வரைவிட இசையை நன்கு அறிந்தவன் ஆவான். பள்ளமும் எண்ணும் இசையைக் கொண்டுவரும் வாயில்கள் மட்டுமே. வாயிலில் வந்து நிற்கும் இசையை உள்ளே அழைத்துக் கொள்வது கேட்பவரின் உள்ளமே ஆகும்.