கலைப் பொருள்களின் வைத்தியர்

பொருட்காட்சி சாலையில் ஆயிரம் ஆண்டு கடந்த ஒரு வெண்கலத் திருமேனியைக் காண்கிறோம். வடித்த சிற்பியைப் போற்றுகிறோம். வடிக்கச் செய்த மன்னனையும் போற்றுகிறோம். ஆனால் அத்திருமேனி இன்றும் உருக்குலையாமல் நிற்பதற்குக் காரணமான மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. கன்சர்வேட்டர் என்று உலகம் அழைக்கும் அவரை நாம் கலைப் பொருள் பாதுகாப்பாளர் எனலாம். சிற்பத்திற்கும் சித்திரத்திற்கும், ஏட்டுச் சுவடிக்கும் அச்சு நூலுக்கும் அவரே வைத்தியர்.

அந்த வைத்தியத்தை எவ்வாறு கற்பது? சங்க நண்பர்கள் பலர் என்னைப் போல் விஞ்ஞானம் பயில்பவர்கள். இரசாயனம் படித்தவனுக்கு மருந்துத் தொழிற்சாலை அல்லது ஆசிரியர் பணி என்ற இரண்டே வழிகள் உண்டென்று எண்ணுகிறோம். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது என்று காட்டவே இதனை எழுதுகிறேன்.

பொருள்களுக்கும் நோய் உண்டு

வெண்கலத்தை எடுத்துக்கொள்வோம். நெடுநாள் மண்ணில் புதைந்திருந்த சிலையின் உடலில் உப்பிலுள்ள குளோரைடு புகுந்து, செம்புடன் சேர்ந்து தங்கிவிடுகிறது. சிலையை வெளியே எடுத்தபின் காற்றின் ஈரமும் பிராணவாயுவும் அதனைத் தீண்டுகின்றன. உடனே வெளிர்பச்சைத் தூள் பூக்கிறது; கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கிறது. அந்த அமிலம் புதிய உலோகத்தை அரிக்க, மீண்டும் அதே சுற்று தொடங்குகிறது. இதற்கு ‘வெண்கல நோய்’ என்றே பெயர். தூளைத் துடைத்தால் நோய் போகாது. காற்றின் ஒப்பு ஈரப்பதத்தைச் சுமார் 40 சதவீதத்திற்குக் கீழே வைத்தால் அது பெரிதும் அடங்கிவிடும். வைத்தியம் சிலைக்கு மட்டுமன்று, அது நிற்கும் அறைக்கும் என்பது இதனால் விளங்கும்.

காகிதத்தின் நோய் வேறு. கந்தைத் துணியிலிருந்து செய்த பழங்காலக் காகிதம் பல நூற்றாண்டுகள் தாங்குகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மரக்கூழும் படிகாரமும் சேர்த்துச் செய்த மலிவுக் காகிதம் பெருகியது. அதில் இயல்பாகவே அமிலம் உண்டு. அது செல்லுலோஸ் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. பாட்டனார் காலத்து நூலைப் புரட்டினால் தாள் அப்பளம்போல் நொறுங்குவது இதனால்தான். ஒளியும் ஒரு பகையே. அதனால்தான் காகிதத்தையும் நீர்வண்ணச் சித்திரத்தையும் காட்சிக்கு வைக்கும்போது 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே போதும் என்று விதித்திருக்கிறார்கள்.

அன்பால் விளைந்த கேடு

பொருளுக்குக் காலம் மட்டும் பகையன்று. அவசரக் கையும் பகையே. அஜந்தா இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் அச்சித்திரங்களை நகல் எடுக்க வந்த ஓவியர்கள், நிறம் தெளிவாகத் தெரியவேண்டுமென்று அவற்றின்மேல் வார்னிஷ் பூசினார்கள். பின்னர் 1920 முதல் 1922 வரை, ஹைதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் இருவர் அங்கே பணியாற்றினார்கள். பெயர்ந்து விழவிருந்த காரையை அவர்கள் நன்றாகவே நிலைநிறுத்தினார்கள். அவர்கள் இல்லாவிடில் பல பகுதிகள் உதிர்ந்தே போயிருக்கும். ஆனால் மேற்பூச்சாக ஆல்கஹாலில் கரைத்த அரக்கைப் பூசினார்கள். அன்று அது பளபளவென்று மின்னியது. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்துக் கறுத்தது. முதுமையடைந்த அரக்கு முன்போல் எளிதில் கரைவதுமில்லை. பிற்காலத்தில் தொல்லியல் துறையின் இரசாயன நிபுணர்கள், அடியிலுள்ள வண்ணம் கலையாதபடி அதனைச் சிறிது சிறிதாக நீக்க வேண்டியதாயிற்று.

அந்த நிபுணர்கள் அறியாதவர்கள் அல்லர். அக்காலத்தில் அறிந்ததைச் செய்தார்கள். நாமும் இக்காலத்தில் அறிந்ததையே செய்கிறோம். நாளை வருபவர் நம் வேலையைக் கண்டு தலையில் அடித்துக்கொள்ள மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? இக்கேள்விதான் இத்துறையின் மூன்று விதிகளுக்கும் வேர். செய்ததைத் திரும்ப நீக்க இயல வேண்டும். எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவே செய்ய வேண்டும். செய்வதற்கு முன்னும் பின்னும் படமெடுத்துக் குறித்து வைக்க வேண்டும்.

பயிற்சியின் தன்மை

ஆகவே இப்பயிற்சி பெரும்பாலும் கையை அடக்கும் பயிற்சியே. கிழிந்த தாளை ஒட்டுவது எளிதல்லவா என்று கேட்கலாம். முதலில் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்து, மை கசிகிறதா என்று ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். தாளின் அமிலத்தன்மையை அளக்க வேண்டும். தாளின் இழை எத்திசையில் ஓடுகிறது என்று அறிய வேண்டும். பிறகே மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை மாவுப் பசையால் ஒட்ட வேண்டும். ஏன் மாவுப் பசை? நாளை நீரால் நனைத்து அதை நீக்கிவிடலாம். கடையில் விற்கும் ஒட்டு நாடாவோ நாளடைவில் தாளுக்குள் பசையை இறக்கி, அழியாத மஞ்சள் கறையை விட்டுச் செல்லும்.

வெண்கலத்திற்கும் இதே பொறுமை வேண்டும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் பழஞ்சிலையைத் துலக்கினால், அதன் வரலாற்றைச் சொல்லும் பசுங்களிம்பும் நுண்ணிய வேலைப்பாடும் சேர்ந்தே போய்விடும்.

இரசாயனம் மட்டும் போதுமா? போதாது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலச் சித்திரத்துக்கு அடியில் சோழர் காலச் சித்திரம் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலுள்ளதை அழித்துக் கீழுள்ளதைக் காட்டலாமா? நாயக்கர் சித்திரமும் நம் செல்வமல்லவா? சில பகுதிகளில் மேற்படலத்தைச் சேதமின்றிப் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகையில் பதித்து, இரண்டையும் காத்தது தொல்லியல் துறை. பெயர்த்தெடுக்க வழி சொல்வது விஞ்ஞானம். அழிக்கலாகாது என்று சொல்வது வரலாற்றறிவு. பாதுகாப்பாளருக்கு இரண்டும் வேண்டும்.

எங்கே கற்கலாம்?

இத்துறையில் தமிழகம் முன்னோடி. சென்னை எழும்பூர் பொருட்காட்சி சாலையில் 1930இலேயே இரசாயன ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே எஸ். பரமசிவன் வெண்கலத் திருமேனிகளின் அரிப்பை நீக்க மின்பகுப்பு முறையைக் கையாண்டார். தஞ்சைச் சித்திரங்களின் வண்ணங்களையும் ஆராய்ந்தார்.

இன்று டில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பள்ளி, ஆவணங்களைப் பேணவும் பழுது பார்க்கவும் குறுகிய காலப் பயிற்சி தருகிறது. 1989இல் தொடங்கிய தேசியப் பொருட்காட்சி சாலைக் கழகம், இப்போது இந்தியப் பாரம்பரியக் கழகம் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது. அங்கே பாதுகாப்புத் துறையில் முதுகலைப் பட்டம் பெறலாம். லக்னோவில் 1976இல் நிறுவப்பட்ட தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடமும், மைசூரிலுள்ள அதன் கிளையும் பயிற்சி அளிக்கின்றன. கடல் கடந்து செல்ல விரும்புவோருக்கு ரோமாபுரியில் ஒரு சர்வதேச மையம் உண்டு. 1959இல் தொடங்கிய அம்மையத்தை அமைக்கும் முடிவு, 1956இல் நம் டில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டில்தான் எடுக்கப்பட்டது.

இத்தொழிலில் பெருஞ்செல்வம் சேராது, புகழும் குறைவே. நன்றாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது என்பதே இதன் இலக்கணம். ஆனால் இழந்த நூலை மறுபடி எழுத முடியாது. அழிந்த சித்திரத்தை மறுபடி தீட்ட முடியாது. சுவடியும் சிலையும் நம் பெருமை என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே பலர் உளர். அவற்றின் அருகில் அமர்ந்து, சிறு தூரிகையும் பொறுமையும் கொண்டு காப்போர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவராக நம் சங்கத்திலிருந்து ஒரு மாணவரோ மாணவியோ புறப்பட்டால், அது நமக்கெல்லாம் நிறைவு தரும்.