பழைய கடை சொல்லும் பாடம்

சரக்கெடுக்கச் சென்னை செல்லும் வணிகப் பெருமக்கள், அண்ணா சாலையிலுள்ள ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்குள் ஒருமுறை சென்று பாருங்கள். 1844-ல் தொடங்கிய கடை. இப்போதுள்ள கட்டடம் 1904-ல் எழுந்தது. மளிகைக்காரருக்கு இங்கே மூன்று பாடங்கள் உண்டு.

ஒன்று, உயர்ந்த கூரை, நல்ல காற்றோட்டம். புத்தகத்துக்கும் பருப்பு, மல்லிக்கும் ஈரமே எதிரி.

இரண்டு, வாடிக்கையாளர் வரட்டுமென்று காத்திராமல், ரயில் நிலையங்களிலும் கடை போட்டார்கள்.

மூன்று, உரிமையாளர்கள் மாறினார்கள். பெயரும் சரக்கும் மாறவில்லை.

பேரங்காடிகள் பெருகியதால் கோவை ரங்கே கவுடர் வீதி முதல் கிராமத்துக் கடை வரை கவலை இருக்கிறது. அவர்களோடு விலையில் போட்டியிட்டால் நம் முதல் கரையும். சரக்கைக் கெடாமல் வைப்போம். கேட்ட வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். எடையிலும் தரத்திலும் பெயரைக் காப்போம். கடை நம் பேரன் காலத்துக்கும் நிற்கும்.