நிதானம் கற்பிக்கும் தீவு

விடுமுறை என்றதும் பல ஊர்களை ஒரே மூச்சில் சுற்றி வருவதே இன்பம் என நாம் எண்ணுகிறோம். ஆனால், வீடு திரும்பிய பின் கண்டவற்றுள் எத்தனை நம் நெஞ்சில் நிற்கின்றன? இவ்வினாவிற்கு விடை தேட, மத்தியதரைக் கடலிலுள்ள கோசோ தீவிற்கு மனத்தால் பயணம் செய்வோம்.

மால்ட்டா நாட்டைச் சேர்ந்த கோசோவின் பரப்பு ஏறக்குறைய 67 சதுர கிலோமீட்டர். மால்ட்டாப் பெருந்தீவின் வடமுனையில் கப்பலேறினால் ஏறத்தாழ 25 நிமிடங்களில் அதனை அடையலாம். ஒரே நாளில் சுற்றி முடிக்கக்கூடிய தீவுதான். ஆயினும், தங்கியிருப்போர்க்கே அது தன் அழகை முழுமையாகக் காட்டும். நண்பகலுக்குப் பின் கடைகள் பல அடைக்கப்பட்டு, மாலையில் மீண்டும் திறக்கும். வெயில் தணிந்ததும் முதியோர் தேவாலயச் சதுக்கத்தில் அமர்ந்து உரையாடுவர்.

தீவின் வடகரையில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த உப்புப் பாத்திகள் உள்ளன. கோடையில் அவற்றில் கடல்நீரை நிரப்புவர். கதிரவன் வெப்பத்தால் நீர் ஆவியாகி உப்புப் படியும். அதனைத் துடைப்பத்தால் கூட்டிச் சேர்ப்பர். அவசரப்பட்டால் உப்பு விளையாது. இடையில் மழை பெய்தாலோ உழைப்புக் கரைந்துபோகும். மங்கில் பால் சொட்டுச் சொட்டாக நிறைவதைக் கண்ட நம் தோட்டத்துப் பெரியோர் இவ்வுண்மையை நன்கறிவர்.

ஷாரா என்னும் ஊரில் ஜிகான்டியா கற்கோயில்கள் நிற்கின்றன. கி.மு. 3600 அளவில் எழுப்பப்பட்ட இவை, எகிப்தியப் பிரமிடுகளினும் பழமையானவை. உலோகக் கருவிகளை அறியாத மக்கள், ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்ட கற்களையும் இங்கு நிறுத்தினர். அவர்தம் பொறுமையை எண்ணிப் பார்க்க ஒரு பிற்பகல் போதுமா?

நிதானம் என்பது சோம்பலோ என ஐயுறலாம். அன்று, ஊன்றிக் காண்பதே நிதானம். கோசோவின் மேற்குக் கரையில் 'நீலச் சாளரம்' என்னும் பாறை வளைவு இருந்தது. கடலலைகள் குடைந்து உருவாக்கிய அவ்வளைவு, 2017 மார்ச் 8ஆம் நாள் வீசிய புயலில் இடிந்து கடலுள் மறைந்தது. படம் பிடித்துவிட்டு விரைந்தோர்க்குப் படம் மட்டுமே எஞ்சியது. நின்று நோக்கியவர் நெஞ்சிலோ அலையோசையும் காற்றும் ஒளியும் இன்றும் வாழும்.

கோசோ செல்லும் வாய்ப்பு நம் அனைவர்க்கும் கிட்டாதிருக்கலாம். ஆனால், அது கற்பிக்கும் பாடம் நம் வாசலிலேயே உண்டு. வரும் விடுமுறையில் ஒரு மரத்தையோ ஓர் ஓடையையோ தேர்ந்து, நாள்தோறும் அரைமணி நேரம் உற்று நோக்குங்கள். கண்டதை ஏட்டில் எழுதுங்கள். பள்ளி திறந்ததும் அவ்வேட்டைப் படிக்க நாம் ஆவலுடன் காத்திருப்போம்.