தானியம் இல்லாத சஷ்டி வடை: பாட்டிக்காக நான் கற்ற பாடம்

 

கந்த சஷ்டிக்குத் தானியம் சேர்க்காம விரதம் இருக்கிறவங்க நம்மில் நிறைய பேர். பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு, மூணாம் நாளே தலைசுத்தி உட்கார்றவங்களும் நிறைய பேர். அரிசி, கோதுமை, பருப்பு எதுவுமே இல்லாம காய்கறியிலும் கிழங்கிலும் வீட்டிலேயே வடை செய்யறது எப்படின்னு இன்னிக்குப் பார்க்கலாம். இதைக் கத்துக்க எனக்கு ரெண்டு சஷ்டி ஆச்சு. நான் செஞ்ச தப்புகளையும் மறைக்காம எழுதறேன், நீங்க அதே தப்பைச் செய்ய வேண்டாம்.

*எப்படி ஆரம்பிச்சது?*

எங்க வீடு மயிலாப்பூர். பாட்டிக்கு வயசு 78. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில ஆரம்பிச்சு சஷ்டி வரைக்கும் ஆறு நாளும் தானியம் தொட மாட்டாங்க. தினமும் சாயங்காலம் கபாலீஸ்வரர் கோவிலுக்கு நடந்தே போய், சிங்காரவேலர் சன்னதியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வருவாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி, விரதத்தோட நாலாம் நாள், கோவிலிலிருந்து திரும்பும்போது மாட வீதியில பூக்கடை வாசல்லயே மயங்கி உட்கார்ந்துட்டாங்க. நான் தரமணி ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன். அம்மா போன் பண்ணப்போ கை நடுங்கிடுச்சு. டாக்டர் சொன்னது இதுதான்: "வெறும் வாழைப்பழத்தை வெச்சுக்கிட்டு பிரஷர் மாத்திரை போட்டா உடம்பு தாங்காது. உப்போட, வயிறு நிறையற மாதிரி ஏதாவது சாப்பிடணும். முடியலன்னா விரதம் வேண்டாம்."

பாட்டி அசையவே இல்ல. "என் உடம்பு முருகன் பொறுப்பு"ன்னாங்க. "அந்தப் பொறுப்பை அவன் என்கிட்ட குடுத்திருக்கான்னு வெச்சுக்கோங்க பாட்டி"ன்னு சொல்லிட்டு சமையலறைக்குள்ள போனேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச சமையல் நூடுல்ஸ் மட்டும்தான்.

*பாடம் 1: எது தானியம்?*

அன்னிக்கு ராத்திரியே வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். அரிசி மாவு சேர்க்கல, மைதா சேர்க்கல, வெறும் கடலை மாவு. பாட்டி தட்டைப் பார்த்துட்டு அமைதியா கேட்டாங்க: "நவக்கிரக சன்னதியில வைக்கிறதுல கடலை இல்லையாடா?"

இருக்கு. நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், கொள்ளு, உளுந்து. இவைதான் நவதானியம். தாவரவியல்ல கடலையும் உளுந்தும் பயறு வகைதான், ஆனா நம்ம மரபுக் கணக்குல அதுவும் தானியம். அதனால கடலை மாவு பஜ்ஜி, உளுந்து வடை, அடை எல்லாமே இந்த விரதத்துக்கு வெளியே.

இன்னொரு குழப்பமும் உண்டு. கிருத்திகை அன்னிக்கு "இன்னிக்குப் பலகாரம்"னு சொல்லி இட்லி, உப்புமா சாப்பிடற வீடுகள் நிறைய. பழ உணவைக் குறிக்கிற பல ஆகாரம்தான் பலகாரம் ஆச்சுன்னு சொல்வாங்க. அங்க சாதம் மட்டும்தான் கிடையாது, தானியம் உண்டு. அதுவும் விரதம்தான், எங்க வீட்டு வழக்கமும் விரதம்தான். உங்க வீட்டு வழக்கம் எதுன்னு பெரியவங்ககிட்ட முதல்ல கேட்டுக்கோங்க. அடுத்த வீட்டுத் தட்டை எட்டிப் பார்த்துக் குறை சொல்லாதீங்க.

இந்திப் பக்கத்து நவராத்திரி ரீல்ஸ்ல "விரத அரிசி"ன்னு ஒண்ணு வரும். அது நம்ம ஊர் குதிரைவாலிதான். குதிரைவாலி, சாமை, தினை எல்லாம் சிறுதானியம், பேரிலேயே தானியம் இருக்கு. எங்க வீட்டுல தினை மாவும் தேனும் முருகனுக்கு நைவேத்தியம் பண்ணுவோம், எங்களுக்கு அது ஏழாம் நாள் திருக்கல்யாணம் முடிஞ்சப்புறம்தான்.

*பாடம் 2: பேரை நம்பாதீங்க*

ஜவ்வரிசியில "அரிசி" இருக்கேன்னு நானும் ஒதுக்கி வெச்சிருந்தேன். அது அரிசியே இல்ல. மரவள்ளிக்கிழங்கு மாவை உருண்டையாக்கிச் செய்யறது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல வெளிநாட்டு சேகோ வரத்து நின்னப்போ சேலத்துல இந்தத் தொழில் வளர்ந்தது. 1981-ல உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. கிழங்கு விரதத்துக்கு தாராளமா சேர்க்கலாம்.

இதுக்கு நேர் எதிரா, தானியம்னு தெரியாமலேயே உள்ளே வர்றதும் உண்டு:

- கார்ன் ஃப்ளோர்: மக்காச்சோள மாவு, சுத்தமான தானியம். ஆரோரூட் மாவு (கூவைக்கிழங்கு மாவு) வாங்கும்போது பாக்கெட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.
- பொட்டுக்கடலை: சட்னியில பழக்கத்துல கை தானா போடும். வறுத்த கொண்டைக்கடலைதான் அது.
- கூட்டுப் பெருங்காயம்: இதைப் பத்திக் கடைசியில சொல்றேன். என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இதுதான்.

*வள்ளியும் கிழங்கும்*

கந்தபுராணத்தோட கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணப் படலம். வேடர்கள் வள்ளிக்கிழங்கு தோண்டின குழியிலதான் நம்பிராஜன் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தார், அதனாலதான் வள்ளின்னு பேர் வெச்சார். நாம வாங்கற சர்க்கரைவள்ளி அந்தக் கிழங்கு இல்ல. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்துல வந்தது, மரவள்ளியும் அப்படித்தான். வந்த கிழங்குக்கும் நம்ம ஜனங்க வள்ளி பேரைத்தான் வெச்சாங்க. விரதத்துல கிழங்கு சாப்பிடறதை பாட்டி "அம்மா வீட்டுச் சாப்பாடு"ன்னுதான் சொல்வாங்க.

*தேவையானவை (சுமார் 15 வடைக்கு)*

- மாவு ஜவ்வரிசி (நைலான் வேண்டாம்): அரை கப்
- சர்க்கரைவள்ளிக்கிழங்கு: 250 கிராம்
- வாழைக்காய்: 1
- கேரட்: சின்னதா 1
- தேங்காய்த் துருவல்: 2 மேசைக்கரண்டி
- மிளகு, சீரகம்: தலா 1 டீஸ்பூன், ஒண்ணுரெண்டாப் பொடிச்சது
- இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி
- ஆரோரூட் மாவு: 1 மேசைக்கரண்டி, தேவைப்பட்டா மட்டும்
- இந்துப்பு, பொரிக்கத் தேங்காய் எண்ணெய்

வெங்காயம், பூண்டு கிடையாது. காய், கிழங்கு எல்லாம் தெற்கு மாட வீதிக் கடைகள்ல ஒரே நடையில கிடைச்சுடும்.

எண்ணெய் விஷயத்துல "எள்ளும் நவதானியம்தானே, அப்போ நல்லெண்ணெய் சேர்க்கலாமா?"ன்னு பாட்டிகிட்ட கேட்டேன். "நீ கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு வக்கீலாப் போடா"ன்னாங்க. அதனால தேங்காய் எண்ணெய்!

*செய்முறை*

1. ஜவ்வரிசியை வெள்ளைத் தண்ணி போகிற வரைக்கும் ரெண்டு மூணு தடவை அலசுங்க. மூழ்கிற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு 4 மணி நேரம் ஊற வைங்க. விரலால அழுத்தினா முழுசா நசுங்கணும். அப்புறம் வடிகட்டியில 15 நிமிஷம் போட்டு வைங்க.

2. சர்க்கரைவள்ளியைத் தண்ணியில வேக வைக்காம இட்லிப் பானையில ஆவியில வேக வைங்க. நல்லா ஆறினப்புறம் மசிங்க. வாழைக்காயைத் தோலோட ரெண்டா நறுக்கி அரை வேக்காடு வேகவிட்டு, தோல் உரிச்சுத் துருவுங்க.

3. கேரட்டைத் துருவி ஒரு சிட்டிகை உப்பு போட்டு 5 நிமிஷம் கழிச்சு இறுக்கிப் பிழிஞ்சுடுங்க.

4. எல்லாத்தையும் தண்ணி தெளிக்காம பிசையுங்க. மீதி உப்பைக் கடைசியில போடுங்க. முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்டு மாவு தளர்ந்துடும்.

5. கையில எண்ணெய் தொட்டுக்கிட்டு, அரை இஞ்ச் கனத்துல சின்னச் சின்ன வடையாத் தட்டுங்க.

6. மிதமான தீயில எண்ணெய் காயட்டும். ஒரு துளி மாவு போட்டா குமிழி விட்டு மெதுவா மேலே வரணும். முதல்ல ஒரே ஒரு வடை போட்டுப் பாருங்க. உதிர்ந்தா ஆரோரூட் சேர்த்துப் பிசையுங்க. சரியா வந்தா நாலு நாலா போடலாம். போட்ட உடனே கரண்டியால கிளறாதீங்க, அடிப்பக்கம் இறுகின பிறகு திருப்புங்க.

எண்ணெய் ஆகாதவங்களுக்குக் குழிப்பணியாரச் சட்டியில ஒரு குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு மூடி வேக வைக்கலாம். பாட்டிக்கு நான் இப்போ இப்படித்தான் செய்யறேன்.

*என் வடை ஏன் உதிர்ந்தது?*

முதல் தடவை வாணலியில வடை போட்டேன், கிடைச்சது தூள். காரணம் ரொம்ப எளிமை. வழக்கமான வடையில மாவைப் பிடிச்சு வைக்கிற வேலையைப் பருப்போட புரதமும் மாவுச்சத்தும் பார்த்துக்குது. இங்க அந்த வேலை முழுக்க ஜவ்வரிசி, கிழங்கோட மாவுச்சத்து மேலதான். அது சூட்டுல பசையாகி இறுகறதுக்குக் கொஞ்ச நேரம் வேணும். மாவுல தண்ணி அதிகமா இருந்தா, இறுகறதுக்கு முன்னாடியே அது ஆவியாகி வடையைப் பிளந்துடும். வடிகட்டறதும் பிழியறதும் இதுக்காகத்தான்.

ரெண்டாவது, தீ. சர்க்கரைவள்ளியில இனிப்பு இருக்கிறதால சீக்கிரம் கருகும். பெரிய தீயில வெளியே கறுப்பு, உள்ளே வேகாத ஜவ்வரிசி.

மூணாவது, ஆபத்தான விஷயம்: சரியா ஊறாத ஜவ்வரிசி எண்ணெயில வெடிச்சுத் தெறிக்கும். அவசரத்துக்கு ஒரு மணி நேரம் ஊற வெச்சு இதைச் செய்யாதீங்க.

ஜவ்வரிசியில மாவுச்சத்துதான் இருக்கு, புரதம் ரொம்பக் குறைவு. அதனால மூணு வடையோட ஒரு கிண்ணம் தயிர் சேர்த்துக்கோங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்க, மாத்திரை சாப்பிடறவங்க விரதத்துக்கு முன்னாடியே டாக்டரைக் கேட்டுடுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

*பெருங்காயம்*

போன சஷ்டிக்கு எல்லாம் தயார். பாட்டி வழக்கம்போலப் பெருங்காய டப்பாவை எடுத்தாங்க. நான் பழக்கதோஷத்துல லேபிளைப் படிச்சேன். சேர்மானப் பட்டியல்ல மைதா இருந்தது. கூட்டுப் பெருங்காயம்னா பிசினோட கோந்தும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்துதான் வரும்.

எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நாற்பது வருஷத்துக்கு மேலா விரதம் இருக்கிறாங்க. அத்தனை வருஷமும் விரதச் சமையல்ல பெருங்காயம் போட்டிருப்பாங்க. சொன்னா மனசு உடைஞ்சுடுமோன்னு பயம். சொல்லாம விட்டா ஏமாத்தற மாதிரி. கடைசியில சொல்லிட்டேன்.

பாட்டி டப்பாவைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் அலமாரியில பின்னாடி தள்ளி வெச்சாங்க.

"தெரியாம போட்டதை முருகன் கணக்குல எழுத மாட்டான்டா. இனிமே போட்டாத்தான் கணக்கு. நீ இஞ்சியைக் கொஞ்சம் கூடப் போடு."

அன்னிக்கு மூணு வடையும் தயிரும் சாப்பிட்டாங்க. ஆறு நாளும் நடந்தே கோவிலுக்குப் போயிட்டு வந்தாங்க. நான் தினமும் ஆபீஸ்ல இருந்து சீக்கிரம் கிளம்பி வந்து பின்னாலேயே நடந்தேன். பூக்கடை வாசல் வந்ததும் ஒவ்வொரு நாளும் எனக்கு மட்டும் பக்குன்னு இருந்தது. அவங்க திரும்பிக்கூடப் பார்க்கல.

லேபிளைப் படிக்கிறது நம்ம தலைமுறைக்குச் சுலபம். படிச்சதை வீட்டுப் பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றதுங்கிறதையும் சேர்த்துக் கத்துப்போம். இந்த சஷ்டிக்கு உங்க வீட்டு விரதக்காரங்களுக்கு நாலு வடை செஞ்சு குடுங்க. பக்கத்துல உட்கார்ந்து அவங்க சாப்பிடறதைப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

விரதம் இருக்கிற நண்பர்களுக்கு இந்தப் பதிவைப் பகிருங்க.