மூன்று முறை மாற்றியும் நிற்காத ஹெட் கெஸ்கட்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடையைத் திறந்து உட்கார்ந்த கையோடு உடப்பிலிருந்து ஒரு தம்பி வந்து சேர்ந்தார். கரைவலைச் சம்மாட்டி ஒருவரின் மகன். மீனும் இறாலும் பேலியகொடைச் சந்தைக்கு ஏற்றுவதற்கென்று பழைய டவுன்ஏஸ் டீசல் வேன் ஒன்று வைத்திருக்கிறார்.

“நாநா, கெஸ்கட் மூன்றாவது தரமும் போயிட்டுது. இன்னும் காசு போடுறதா, இல்லாட்டி வித்துத் தொலைக்கிறதா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

சோளகம் அடங்கிக் கடல் திறக்கும் நேரம். இந்த நேரத்தில் வேன் கராஜில் நின்றால், பிடித்த மீனை வாடிக்கு வரும் ஆளிடம் அவர் சொல்லும் விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வருமானத்தில் பாதி அங்கேயே போய்விடும். ஆகவே இவ்வாரம் கொடுக்கல் வாங்கலை ஒருபுறம் வைத்துவிட்டு, வாகனத்தையே முதலாக வைத்துப் பிழைக்கின்ற நம்மவர்களுக்காக இந்தக் கெஸ்கட் விடயத்தைப் பார்ப்போம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால்தான் இருபத்தைந்து, முப்பது வருடத்து வேன்கள் இன்னும் சிலாபம் வீதியில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பழையதைச் சரியாகப் பழுதுபார்க்கத் தெரிந்திருப்பதும் இப்போது வியாபார அறிவுதான்.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. கருவாடு ஏற்றிய காலத்தில் என்னிடமும் அதே 2சி இன்ஜின் வேன்தான் இருந்தது. பதினான்கு மாதத்தில் மூன்று கெஸ்கட். ஒவ்வொரு முறையும் பழைய கெஸ்கட்டைக் கழற்றி, மேற்பரப்பைச் சுரண்டித் துடைத்து, புதியதை வைத்துப் பூட்டித் தந்தார்கள். இரண்டு மாதம் ஓடும். பிறகு மாரவில தாண்டுவதற்குள் சூட்டு முள் மேலே ஏறும். தவறு கராஜில் மட்டும் இருந்ததென்று நான் சொல்லமாட்டேன். “கெதியாக முடித்துத் தாருங்கள், நாளைக்கு லோட் இருக்கிறது” என்று அவர்களை நெருக்கியவன் நான்தான்.

கெஸ்கட் என்பது மேலேயுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழேயுள்ள புளொக்குக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும் மெல்லிய தகடு. நெருப்பு, தண்ணீர், ஒயில் மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைப்பது அதன் வேலை. 2சி போன்ற இன்ஜின்களில் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் நீளமான ஹெட் 80 பாகை சூடேறினால் சுமார் 0.8 மி.மீ நீளும், இரும்பு 0.4 மி.மீதான் நீளும். ஒவ்வொரு பயணத்திலும் இவை இரண்டும் கெஸ்கட்டை நடுவில் வைத்து உரசுகின்றன. இன்ஜின் அளவான சூட்டில் இருக்கும்வரை கெஸ்கட் அதைத் தாங்கும். ஒரு தடவை தண்ணீர் வற்றிக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துவிடும், அல்லது வால்வுகளுக்கு இடையில் கீறல் விழும். வளைந்த ஹெட்டுக்கு எத்தனை புதுக் கெஸ்கட் வைத்தாலும் நிற்காது.

முதலில் கெஸ்கட்தான் போயிற்றா என்று உறுதி செய்யுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை வாய்வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டேயிருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதுதான் பொருள். ஒயில் பாலாடை போலத் திரிந்தாலும், இன்ஜின் சூடான பின்பும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலும் சந்தேகப்படுங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே வேண்டாம். முகம் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனது வேனின் நோயைக் கண்டுபிடித்தவர் சிலாபத்துப் பக்கம் ஒரு வயதான பாஸ். ஹெட்டைக் கையில் எடுத்தவர் கெஸ்கட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. “முதலாளி, தண்ணி எங்க எடுத்து ஊத்துறது?” என்று கேட்டார். எங்கே? உடப்பில் வாடிக்குப் பக்கத்துக் கிணற்றில்தான். ஒருபக்கம் கடல், மறுபக்கம் ஒல்லாந்தர் கால்வாய். அந்த மண்ணின் தண்ணீர் உவர் என்பது வாயில் வைத்தாலே தெரியும். குடிக்க மாட்டோம், ஆனால் வேனுக்கு ஊற்றுவோம். அவர் காட்டினார்: ஹெட்டின் தண்ணீர்த் துவாரங்களின் ஓரம் கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. கெஸ்கட் உட்கார இடமே இல்லை. ரேடியேட்டர் குழாய்களில் பாதி சுண்ணாம்பு படிந்து அடைபட்டிருந்தது. உப்பு அலுமினியத்தைத் தின்றது, அடைப்பு சூட்டை ஏற்றியது. மூன்று கெஸ்கட்டும் அந்த இரண்டுக்கும்தான் பலியாயின.

ஆகவே நான்காவது முறை செய்யும்போது வரிசை இதுதான். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே ஹெட்டைக் கழற்ற வேண்டும். சூட்டோடு கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இளக்க வேண்டும். ஹெட்டை லேத்துக்குக் கொடுத்ததும், செதுக்குவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். துவாரங்களை அடைத்துக் காற்றை ஏற்றிச் சுடுநீரில் அமிழ்த்தினால், கீறல் இருக்குமிடத்தில் குமிழி வரும். கீறல் உள்ள ஹெட்டைச் செதுக்குவது வீண் செலவு.

கீறல் இல்லையென்றால் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எல்லாத் திசையிலும் வளைவை அளக்க வேண்டும். எவ்வளவு வளைவு தாங்கும் என்பது ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேறு. மனுவலில் இருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். இங்கே பேச்சு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டைப் பற்றியது. கண்ணால் பார்த்து “நேராத்தான் இருக்கு” என்று சொல்லும் பாஸை நம்ப வேண்டாம். புளொக்கின் மேற்பரப்பையும் அதே மாதிரி அளக்க வேண்டும். என் வேனில் மூன்று தடவையும் அதை ஒருவரும் அளக்கவில்லை.

போல்ட் துளைகளுக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ரெஞ்ச் “கிளிக்” என்று சொல்லும், ஆனால் போல்ட் இறுகியிருக்காது. துளைகளைக் காற்றடித்துக் காயவைக்க வேண்டும். நீண்டுபோன போல்ட்டைத் திரும்பப் பூட்டக்கூடாது. டீசல் இன்ஜின்கள் பலவற்றுக்குக் கெஸ்கட் ஒன்றுக்கு மேற்பட்ட தடிப்புகளில் வருகிறது. பிஸ்டன் புளொக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்தே தெரிவு செய்ய வேண்டும். கடைக்காரர் “இதுவும் ஒன்றுதான்” என்றால் (நானும் கடைக்காரன்தான், சொல்கிறேன்) பழையதன் ஓரத்திலுள்ள வெட்டு அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே, டோர்க் ரெஞ்சினால், இரண்டு மூன்று கட்டமாக.

இவ்வளவும் செய்தாலும் சூட்டின் காரணத்தைத் தீர்க்காவிட்டால் பழைய கதைதான். ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். மூடியை மாற்றுங்கள். சாதாரணமாகத் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும்; 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. இன்ஜினைக் காப்பாற்றும் மிக மலிவான பாகம் அதுதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும். ஊற்றுவதற்குக் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும். நமக்குப் பனி உறையாது, ஆனால் கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து நமக்குத்தான் அதிகம் தேவை. வழியில் அவசரமென்றால் சுத்தமான மழைநீர் பரவாயில்லை, கிணற்று நீர் கூடாது. டவுன்ஏஸில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் காற்று சிக்கும். முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, மெதுவாக நிரப்புங்கள்.

மஞ்சள் தூள் போடுவதும், போத்தலில் வரும் அடைப்பு மருந்து ஊற்றுவதும் வழியில் நின்ற வேனை வீட்டுக்குக் கொண்டுவர உதவலாம். ஆனால் அவை ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும்.

இது ஏழை நாட்டு நோய் மட்டுமல்ல. பிரித்தானியாவில் ரோவர் கம்பெனி 1988இல் கொண்டுவந்த கே சீரிஸ் இன்ஜின் ஹெட் கெஸ்கட் போவதற்கே பேர் பெற்றது. பிறகு பல அடுக்கு எஃகுக் கெஸ்கட் வந்தது, தெர்மோஸ்டாட்டின் இடமும் மாற்றப்பட்டது. அங்கும் கெஸ்கட்டை மட்டும் மாற்றியவர்கள் திரும்பத் திரும்பக் கராஜுக்கு வந்தார்கள். எம்.ஜி. ரோவர் 2005இல் விழுந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

விற்பதைப் பற்றி அந்தத் தம்பியிடம் ஒன்றுதான் சொன்னேன். “வித்தா குறையைச் சொல்லி வித்துடுங்க. அடைப்பு மருந்து ஊத்தி, காலையில ஸ்டார்ட் காட்டி விக்கிறது ஆகாது.” குறையைச் சொன்னால் என்ன விலை போகும் என்று அவரே கணக்குப் பார்த்தார். லேத் கூலி, ரேடியேட்டர், போல்ட், கூலன்ட் எல்லாம் சேர்த்தாலும் அந்த விலை இறக்கத்தில் பாதிகூட வரவில்லை. மூன்று தடவை கெஸ்கட்டுக்குக் கொடுத்த கூலியும் ஏறக்குறைய அதே தொகைதான் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். டெஸ்டில் இரண்டாம் சிலிண்டரின் வால்வுகளுக்கு இடையில் குமிழி வந்ததாம். ஒட்ட வைப்பதா, பஞ்சிகாவத்தையில் பாவித்த ஹெட் ஒன்று எடுப்பதா என்று போனில் கேட்டார். பாவித்ததை எடுக்கச் சொன்னேன்; ஆனால் அதையும் லேத்தில் டெஸ்ட் செய்து, குமிழி வந்தால் திருப்பித் தருவேன் என்று பில்லில் எழுதி வாங்கிய பிறகே காசு கொடுக்கச் சொன்னேன். நாளை கொழும்புக்குப் போகிறார்.